சாயவேர் தந்த குடும்பப் பெயர்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 'டெல்லா ரோபியா' என்றொரு குடும்பம். 'ரோபியா' என்பது துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் ஒரு செடி. நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு. ஆனால் சிவப்பைப் பெயரில் சுமந்த அந்தக் குடும்பம் புகழ் பெற்றது நீலத்தாலும் வெள்ளையாலும்!

குடும்பத்தின் முதல் சிற்பி லூக்கா. ஃபிளாரன்ஸ் பேராலயத்துக்காக, பாடியாடும் சிறுவர்களைப் பளிங்கில் செதுக்கிப் பெயரெடுத்தவர். 1440-களில் அவர் களிமண்ணுக்கு மாறினார். உருவத்தை மண்ணில் வனைந்து சுட்டு, வெள்ளீயம் கலந்த மெருகு பூசி, மறுபடி சூளையில் வைத்தார். மண் கண்ணாடிபோல் பளபளத்தது. பளிங்கைவிடச் செலவு குறைவு. வெயிலுக்கும் மழைக்கும் நிறம் மங்காது. கட்டடக் கலைஞர்களுக்கு வேறென்ன வேண்டும்? சாம்பல் நிறக் கல்லும் வெள்ளைச் சுவருமாக எழுந்த கட்டடங்களுக்கு வட்ட வடிவில் செய்த இந்த வண்ணச் சிற்பங்கள் உயிரூட்டின.

கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி வடிவமைத்து, 1419-இல் கட்டத் தொடங்கிய ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் இன்றும் ஃபிளாரன்ஸில் இருக்கிறது. அதன் முகப்பு வளைவுகளுக்கு மேலே, நீலப் பின்னணியில் துணி சுற்றிய பச்சிளங்குழந்தைகளை 1487 வாக்கில் பதித்தவர், லூக்காவின் அண்ணன் மகன் ஆந்திரேயா. உற்றுப் பார்த்தால் ஒரு குழந்தைபோல் இன்னொன்று இல்லை. சில குழந்தைகளுக்குச் சுற்றிய துணி அவிழ்ந்து, காலடியில் தொங்குகிறது. எல்லாக் குழந்தைகளும் கைகளை விரித்தபடி, யாரோ வந்து தூக்கிக்கொள்ளக் காத்திருக்கின்றன.