கோப்புக்கும் உண்டு கைரேகை

ஒரு வழக்கில் கணினி ஒன்று கைப்பற்றப்படுகிறது. அதன் வன்தட்டில் இலட்சக்கணக்கான கோப்புகள். பெரும்பாலானவை இயங்குதளத்துக்கும் செயலிகளுக்கும் உரியவை; அதே கோப்புகள் உலகெங்கும் உள்ள கணினிகளில் இருக்கின்றன. புலனாய்வாளர் தேடுவதோ உரிமையாளர் தாமே உருவாக்கிய சில கோப்புகளை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆயுள் போதாது. பெயரையும் நம்ப முடியாது. ஒரு படத்துக்கு இயங்குதளக் கோப்பின் பெயரைச் சூட்டி மறைத்து வைப்பது மிக எளிது. அப்படியானால் ஒரு கோப்பை எப்படி அடையாளம் காண்பது?

பெயரல்ல, உள்ளடக்கம்

இதற்கு உதவுவதுதான் 'ஹேஷ்' என்னும் கணக்கீடு. கோப்பு எவ்வளவு பெரியதாயினும் அதன் உள்ளடக்கம் முழுவதையும் படித்து, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாக அது தருகிறது. எம்.டி.5 முறையில் அந்த எண் 128 பிட், எஸ்.எச்.ஏ.-1 முறையில் 160 பிட்; எஸ்.எச்.ஏ.-256 முறையில் 256 பிட். கோப்பின் பெயரை மாற்றினால் எண் மாறாது. உள்ளே ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் எண் முற்றிலும் வேறாகிவிடும். இதுவே கோப்பின் கைரேகை.

கைரேகை நூலகம்

கைரேகை இருந்தால் மட்டும் போதுமா? ஒப்பிட்டுப் பார்க்க ஏடு வேண்டுமே! அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் நடத்தும் தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகம் அந்த ஏட்டைத் தருகிறது. மென்பொருள்களின் அசல் பிரதிகளைச் சேகரித்து, ஒவ்வொரு கோப்பின் ஹேஷ் எண்ணையும் அது எந்த மென்பொருளுக்கு உரியது என்ற விவரத்தோடு பட்டியலிட்டு இலவசமாக வெளியிடுகிறது. பட்டியலில் உள்ள கோப்புகளைப் புலனாய்வாளர் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றில் கவனம் செலுத்தலாம். இயங்குதளக் கோப்பின் பெயர் இருந்தும் எண் பொருந்தாவிட்டால், அங்கே ஐயம் பிறக்கிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. 'அறிந்த கோப்பு' என்றால் 'நல்ல கோப்பு' என்று பொருளல்ல. ஊடுருவலுக்குப் பயன்படும் கருவிகளும் அப்பட்டியலில் உள்ளன. அதேபோல், பட்டியலில் இல்லாததெல்லாம் தீயதும் அல்ல. நாம் தட்டச்சு செய்த ஆய்வேடு எந்தப் பட்டியலில் இருக்கும்?

கைரேகையிலும் போலி

2004இல் சீன ஆய்வாளர் வாங் சியாவோயுன் குழுவினர், வெவ்வேறு உள்ளடக்கங்களுக்கு ஒரே எம்.டி.5 எண் வரச் செய்து காட்டினர். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையமான சி.டபிள்யூ.ஐ.யும் எஸ்.எச்.ஏ.-1 முறையில் ஒரே எண்ணுடைய இரு பி.டி.எஃப். கோப்புகளை உருவாக்கின. ஆகவே இன்று எஸ்.எச்.ஏ.-256 போன்ற முறைகளே பரிந்துரைக்கப்படுகின்றன.

நமக்கு என்ன பயன்?

2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பைத் திருத்தி, பின்வாசல் வைத்த பிரதிக்குப் பயனர்களைத் திருப்பிவிட்டனர். சரியான ஹேஷ் எண்ணோடு ஒப்பிட்டால் அந்தப் போலி வெளிப்பட்டுவிடும். ஆனால் எண்ணும் கோப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஊடுருவியவர் இரண்டையும் மாற்றிவிடலாம். அதனால்தான் டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஹேஷ் பட்டியலுக்கே மின்கையொப்பம் இடுகின்றன. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பட்டியலை நம்பலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். நண்பர்களே, அடுத்த முறை ஒரு மென்பொருளைப் பதிவிறக்கம் செய்தால், நிறுவும் முன் அதன் கைரேகையைச் சரிபாருங்கள். அதற்குச் சில நிமிடங்களே போதும்.