காபோவைதரேட்டும் உடல் எடையும்

காபோவைதரேட்டு உண்பதால் உடல் எடை கூடுமா என்பது ஊட்டச்சத்து அறிவியலில் நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவரும் ஒரு கேள்வி ஆகும். காபோவைதரேட்டு என்பது மாச்சத்து, கார்போஹைட்ரேட் ஆகிய பெயர்களாலும் அறியப்படுகிறது. சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், சர்க்கரை ஆகியவற்றில் இது மிகுதியாக உள்ளது. இச்சத்தே உடற்பருமனுக்கு முதற்காரணம் என ஒரு சாராரும், எந்தச் சத்திலிருந்து வந்தாலும் தேவைக்கு மிஞ்சிய ஆற்றலே காரணம் என மறு சாராரும் கூறிவந்துள்ளனர். கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் நடத்தப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டாம் கருத்துக்கே சான்று தருகின்றன. எனினும் காபோவைதரேட்டு எந்த உணவு வடிவில் உண்ணப்படுகிறது என்பது, ஒருவர் மொத்தத்தில் எவ்வளவு உண்கிறார் என்பதைப் பெரிதும் பாதிக்கிறது.

காபோவைதரேட்டு வகைகளும் ஆற்றல் அளவும்

காபோவைதரேட்டுகள் கரிமம், ஐதரசன், ஆக்சிசன் ஆகிய தனிமங்களால் ஆனவை. உணவில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

- சர்க்கரைகள்: குளுக்கோசு, புருக்டோசு, சுக்குரோசு, பாலில் உள்ள இலக்டோசு முதலியன.
- மாப்பொருள்: அரிசி, கோதுமை, கிழங்கு முதலியவற்றில் உள்ளது. குளுக்கோசு மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து உருவானது.
- நார்ச்சத்து: சிறுகுடலில் செரிக்கப்படாதது. இதன் ஒரு பகுதியைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன.

செரிக்கக்கூடிய காபோவைதரேட்டு 1 கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. புரதம் தரும் ஆற்றலும் இதே அளவாகும். கொழுப்பு 9 கிலோகலோரியும் மதுசாரம் 7 கிலோகலோரியும் தருகின்றன. நார்ச்சத்து தருவது ஏறத்தாழ 2 கிலோகலோரி மட்டுமே. இவ்வளவீடுகளுக்கு அடித்தளமிட்டவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வு செய்த அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆட்வாட்டர் ஆவார். ஆகவே ஆற்றல் அளவை மட்டும் நோக்கினால் காபோவைதரேட்டு மற்ற சத்துகளைவிடக் கூடுதலாகக் கொழுக்கச் செய்யும் பொருள் அன்று.

உடலில் நிகழும் மாற்றங்கள்

உண்ணப்பட்ட மாப்பொருள் செரிமானத்தின்போது குளுக்கோசாக உடைந்து குருதியில் கலக்கிறது. அப்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினின் தூண்டுதலால் தசைகளும் கொழுப்பிழையமும் குளுக்கோசை உள்வாங்குகின்றன. உடனடித் தேவைக்கு மிஞ்சிய குளுக்கோசு கிளைக்கோசன் என்னும் வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கிளைக்கோசன் இருக்கும்.

மிஞ்சிய சர்க்கரை நேரடியாகக் கொழுப்பாக மாறிவிடுகிறது என்பது பரவலான எண்ணம். மனித உடலில் இம்மாற்றம் நிகழக்கூடியதே. ஆயினும் வழக்கமான உணவு உண்போரிடம் அதன் அளவு சிறிது. 1988ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களுக்குத் தொடர்ந்து ஏழு நாட்கள் மிக அதிக அளவில் காபோவைதரேட்டு அளிக்கப்பட்டது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 15 கிராம் என்ற அளவுக்குக் கிளைக்கோசன் நிரம்பிய பின்னரே, காபோவைதரேட்டிலிருந்து பெருமளவில் கொழுப்பு உருவாகத் தொடங்கியது.

அவ்வாறெனில் சோறு மிகுதியாக உண்போருக்கு எடை கூடுவது எவ்வாறு என்ற கேள்வி எழலாம். காபோவைதரேட்டு மிகுதியாகக் கிடைக்கும்போது உடல் அதனையே எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. கொழுப்பை எரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. எனவே அதே உணவில் உள்ள எண்ணெயும் நெய்யும் எரிக்கப்படாமல் கொழுப்பிழையத்தில் தங்கிவிடுகின்றன. 1995ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், தேவையைவிட 50 விழுக்காடு கூடுதலான உணவு 14 நாட்களுக்கு வழங்கப்பட்டது. கூடுதல் உணவு கொழுப்பாக இருந்தபோது மிகை ஆற்றலில் 90 முதல் 95 விழுக்காடும், காபோவைதரேட்டாக இருந்தபோது 75 முதல் 85 விழுக்காடும் உடலில் சேமிப்பாயின. மிகையாக உண்டால் இரண்டுமே எடையைக் கூட்டும் என்பதை இம்முடிவு காட்டுகிறது.

நீரினால் ஏற்படும் எடை மாற்றம்

காபோவைதரேட்டைக் குறைத்தவுடன் முதல் வாரத்திலேயே ஒன்று அல்லது இரண்டு கிலோகிராம் எடை குறைவது பலரது அனுபவம். இக்கேள்வி குறித்த குழப்பத்துக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம் ஆகும். 1 கிராம் கிளைக்கோசன் தன்னுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. காபோவைதரேட்டு குறையும்போது கிளைக்கோசன் செலவழிந்து, அதனுடன் இருந்த நீரும் வெளியேறுகிறது. இன்சுலின் அளவு குறைவதால் சிறுநீரகங்கள் கூடுதலாகச் சோடியத்தையும் நீரையும் வெளியேற்றுகின்றன.

மீண்டும் சோறு உண்ணத் தொடங்கினால் நீர் திரும்பிவருகிறது. எடைக்கருவி ஒரே நாளில் ஒரு கிலோகிராம் கூடுதலாகக் காட்டக்கூடும். இதனைக் கொழுப்பு எனக் கொள்வது தவறு. ஒரு கிலோகிராம் கொழுப்பிழையம் சேர்வதற்கு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி மிகை ஆற்றல் தேவை. சமைத்த வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கிலோகலோரியே உள்ளது. ஆகவே அவ்வளவு ஆற்றலைச் சோற்றிலிருந்து மட்டும் பெற, வழக்கமான உணவுக்கு மேல் ஏறத்தாழ 6 கிலோகிராம் சோறு உண்ண வேண்டியிருக்கும்.

வரலாறு

இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர் சவ அடக்க ஏற்பாட்டுத் தொழில் செய்தவர். மிகுந்த உடற்பருமனால் துன்புற்ற அவர், வில்லியம் ஆர்வி என்னும் மருத்துவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தவிர்த்து எடையைக் குறைத்தார். (இவர் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய 17ஆம் நூற்றாண்டு ஆர்வி அல்லர்.) பான்டிங் தம் அனுபவத்தை 1863ஆம் ஆண்டு ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அது பெரும் புகழ் பெற்றது. சுவீடிய மொழியில் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கும் வினைச்சொல் இன்றும் அவர் பெயரிலிருந்து பிறந்த 'பான்டா' என்பதே ஆகும். 1972ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ராபர்ட்டு அட்கின்சு வெளியிட்ட நூல் இக்கருத்தை மீண்டும் பரப்பியது.

இதற்கு நேர்மாறான உணவுமுறையும் இருந்தது. 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் தியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், உயர் குருதி அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையவர்களுக்குச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவற்றை மட்டுமே கொண்ட உணவைப் பரிந்துரைக்கத் தொடங்கினார். அதன் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் காபோவைதரேட்டிலிருந்து வந்தது. பின்னர் இம்முறை, உணவின் அளவும் குறைக்கப்பட்டு, உடற்பருமனுக்கும் பயன்படுத்தப்பட்டது. குறைந்தது 45 கிலோகிராம் எடை குறைந்த 106 நோயாளிகளைப் பற்றி அவர் 1975இல் அறிக்கை வெளியிட்டார். இது கடும் மருத்துவக் கண்காணிப்பில் நடந்த சிகிச்சை. பொதுமக்கள் பின்பற்றத்தக்கது அன்று. எனினும் காபோவைதரேட்டு மிகுந்த உணவிலும் எடை குறையும் என்பதற்கு இது சான்றாகிறது.

இன்சுலின் கருதுகோள்

காபோவைதரேட்டு இன்சுலினை உயர்த்துகிறது. இன்சுலின் கொழுப்பிழையத்திலிருந்து கொழுப்பு வெளியேறுவதைத் தடுக்கிறது. அதனால் உடலின் பிற பகுதிகள் ஆற்றலின்றிப் பசி உண்டாகிறது என்பதே இக்கருதுகோளின் சாரம் ஆகும். இதன்படி ஒருவர் அதிகம் உண்பதால் பருமனாவதில்லை. பருமனாவதால்தான் அதிகம் உண்கிறார். அமெரிக்க எழுத்தாளர் கேரி டோப்சு 2007இல் வெளியிட்ட நூலும், மருத்துவர் டேவிட்டு லுட்விக்கின் ஆய்வுகளும் இக்கருத்தைப் பரவலாக்கின.

இன்சுலின் கொழுப்புச் சிதைவைத் தடுப்பது உண்மையே. ஆனால் அது உணவுக்குப் பிந்தைய சில மணி நேரங்களில் நிகழ்வது. எடை மாற்றத்தைத் தீர்மானிப்பது நாள் முழுவதிலும் சேர்ந்த கொழுப்புக்கும் செலவான கொழுப்புக்கும் இடையிலான வேறுபாடு ஆகும். மேலும் புரத உணவுகளும் இன்சுலினைத் தூண்டுகின்றன.

சோதனை ஆய்வுகள்

உணவு முழுவதும் அளந்து வழங்கப்பட்ட ஆய்வுகள்:

- 2015: அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் கெவின் ஆல் குழுவினர், உடற்பருமனுடைய 19 பேருக்கு ஆற்றலை 30 விழுக்காடு குறைத்தனர். காபோவைதரேட்டைக் குறைத்தபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 53 கிராமும், கொழுப்பைக் குறைத்தபோது ஏறத்தாழ 89 கிராமும் உடற்கொழுப்பு குறைந்தது. இன்சுலின் சுரப்பு குறைந்தது காபோவைதரேட்டைக் குறைத்தபோது மட்டுமே.
- 2017: இவ்வகையான 32 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஆற்றலும் புரதமும் சமமாக இருந்தால் இரு உணவுமுறைகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை எனத் தெரிந்தது.
- 2018: லுட்விக் குழுவினரின் ஆய்வு மாறுபட்ட முடிவைத் தந்தது. எடை குறைத்த 164 பேரில், குறைந்த காபோவைதரேட்டு உண்டோர் மிகுதியாக உண்டோரைவிட நாளுக்கு ஏறத்தாழ 209 கிலோகலோரி கூடுதலாகச் செலவிட்டனர். இதன் அளவீட்டு முறை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

அன்றாட வாழ்வில் பின்பற்றச் செய்த நீண்டகால ஆய்வுகள்:

- 2003: 63 பேரிடம் நடந்த ஆய்வில், குறைந்த காபோவைதரேட்டு உண்டோர் ஆறாம் மாதத்தில் கூடுதலாக எடை குறைந்திருந்தனர். ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
- 2009: 811 பேரிடம் ஈராண்டுகள் நடந்த ஆய்வில், காபோவைதரேட்டு 35 முதல் 65 விழுக்காடு வரை அமைந்த நான்கு உணவுமுறைகளும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன.
- 2018: இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், குறைந்த கொழுப்பு உண்டோர் சராசரியாக 5.3 கிலோகிராமும், குறைந்த காபோவைதரேட்டு உண்டோர் 6.0 கிலோகிராமும் எடை குறைந்தனர். இது புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அன்று. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சிலர் பெருமளவு எடை குறைந்தனர். சிலருக்கு எடை கூடியது.

உணவின் வடிவம்

ஒரே சத்து வெவ்வேறு உணவுகளில் வெவ்வேறு விளைவைத் தருகிறது. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகள் சம ஆற்றலுள்ள அளவில் வழங்கப்பட்டு, அவை தரும் வயிறு நிறைந்த உணர்வு அளவிடப்பட்டது. முதலிடம் பெற்றது வேகவைத்த உருளைக்கிழங்கு. அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 85 கிலோகலோரியே உள்ளது. அதே கிழங்கை வறுவலாக்கினால் நீர் வெளியேறி எண்ணெய் புகுவதால் 100 கிராமுக்கு 500 கிலோகலோரிக்கும் மேலாகிறது. அதன் ஆற்றலில் பாதிக்கு மேற்பட்டது கொழுப்பிலிருந்து வருவதாகும். எனினும் வறுவல் பொதுவாக 'மாச்சத்து உணவு' என்றே குறை கூறப்படுகிறது. பூரி, கேக்கு, பிசுக்கோத்து ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இனிப்பூட்டிய பானங்கள் தனிக்கவனத்துக்கு உரியவை. அவற்றால் வயிறு நிறைந்த உணர்வு ஏற்படுவது குறைவு என்பதால், குடித்த ஆற்றலுக்கு ஈடாக உணவின் அளவு குறைவதில்லை. நெதர்லாந்தில் 641 சிறார்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 250 மில்லிலீட்டர் சர்க்கரைப் பானம் பெற்றோரின் எடை 18 மாதங்களில், சர்க்கரையற்ற பானம் பெற்றோரின் எடையைவிட ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கூடுதலாக உயர்ந்தது.

2019ஆம் ஆண்டு கெவின் ஆல் குழுவினர் 20 பேருக்கு மிகைப் பதனிட்ட உணவையும் குறைவாகப் பதனிட்ட உணவையும் தலா இரு வாரங்கள் வழங்கி, விரும்பிய அளவு உண்ண விட்டனர். வழங்கப்பட்ட காபோவைதரேட்டு, கொழுப்பு, சர்க்கரை, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் மிகைப் பதனிட்ட உணவின்போது நாளுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோகிராம் எடை கூடினர்; மற்றதில் அதே அளவு குறைந்தனர்.

மரபான உணவுமுறைகள்

சப்பானின் ஒக்கினாவா தீவு மக்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தம் ஆற்றலில் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் காபோவைதரேட்டிலிருந்தே பெற்றனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவர்களது முதன்மை உணவு. அவர்களிடையே உடற்பருமன் அரிது. உடலுழைப்பும் உணவின் குறைந்த ஆற்றல் அடர்த்தியும் இதற்குத் துணைபுரிந்தன.

நீரிழிவும் எடையும்

உடல் எடையும் குருதிச் சர்க்கரையும் தொடர்புடையவை; ஆனால் ஒன்றல்ல. காபோவைதரேட்டு எடையைக் கூட்டும் தனிக்காரணி அன்று என்பதால், நீரிழிவு உடையவர் அதன் அளவைக் கவனிக்கத் தேவையில்லை என்று பொருளாகாது. உணவுக்குப் பின் குருதிச் சர்க்கரையை நேரடியாக உயர்த்துவது காபோவைதரேட்டே ஆகும்.

சென்னையைச் சேர்ந்த மெட்ராசு நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2025இல் முடிவு வெளியான நாடளாவிய ஆய்வில், இந்தியரின் உணவு ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு காபோவைதரேட்டிலிருந்து வருவது தெரிந்தது. அதனை மிகுதியாக உண்டோரிடையே நீரிழிவும் உடற்பருமனும் கூடுதலாகக் காணப்பட்டன. அதில் ஒரு சிறு பகுதிக்கு மாற்றாகப் பருப்பு போன்ற தாவரப் புரதத்தையோ பால் புரதத்தையோ உண்பது குறைந்த நீரிழிவு வாய்ப்புடன் தொடர்புற்றிருந்தது. இது ஒரு நேரத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு ஆதலால் காரணத்தை உறுதிசெய்ய இயலாது.

இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா வகை மருந்து எடுப்போர், மருந்தின் அளவை மாற்றாமல் திடீரெனக் காபோவைதரேட்டைக் குறைத்தால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எனவே அவர்கள் மருத்துவரின் அறிவுரை பெற்றே உணவுமுறையை மாற்ற வேண்டும்.

பரிந்துரைகள்

சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள தனிச் சர்க்கரைகள் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2015இல் அறிவித்தது. காபோவைதரேட்டு முதன்மையாக முழுத்தானியம், காய்கறி, பழம், பருப்பு வகைகளிலிருந்து பெறப்பட வேண்டும் எனவும், வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழமும் 25 கிராம் நார்ச்சத்தும் உண்ண வேண்டும் எனவும் 2023இல் பரிந்துரைத்தது.

இவற்றையும் பார்க்க

- இன்சுலின்
- உடற்பருமன்
- கிளைக்கோசன்
- நீரிழிவு நோய்