ஆறு திடீரென்று வற்றினால் மேட்டுக்கு ஓடுங்கள்!



1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி மாலை, பேரா மாநிலத்தில் கம்பாருக்குப் பக்கத்திலுள்ள போஸ் டிப்பாங் பூர்வகுடிக் குடியிருப்பின் மேல் சேறும் பாறையும் மரங்களும் ஆற்றோடு வந்து மோதின. 44 உயிர்கள் போயின. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, கெந்திங் மலைக்குப் போகும் கிளைச் சாலையில் இதே மாதிரி நடந்து 20 பேர் மாண்டார்கள். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கெடா ஜெராய் மலையிலிருந்து இறங்கிய சேறும் மரமும் யான் வட்டாரத்தில் 6 பேரைப் பலி வாங்கின.

நாம் எல்லாவற்றையும் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லிவிடுகிறோம். கெப்பாலா ஆயர் என்பது தண்ணீர். இதுவோ பாதிக்கு மேல் மண்ணும் கல்லும்.

மழை எப்படி மலையைப் பெயர்க்கிறது?

மலைச்சரிவின் மேல்மண் பஞ்சு மாதிரி. நாலைந்து நாள் பெய்த மழையை உறிஞ்சிக் கொள்ளும். மண்ணுக்குள் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் நிறையும். அடியிலே பாறை, தண்ணீர் இறங்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கனத்த மழை கொட்டினால், உள்ளே தேங்கிய நீர் மண்ணை அழுத்தித் தூக்கும். மண்ணுக்குப் பிடிப்பு விட்டுப்போய்ச் சரியும்.

சரிந்த மண் செங்குத்தான ஓடையில் விழுந்து, தண்ணீரோடு கலந்து, கான்கிரீட்டுக் கலவை போல் ஆகிவிடுகிறது. வரும் வழியில் ஓடையின் அடியையும் இரு கரைகளையும் பெயர்த்து விழுங்கும். மேலே பத்து லோரி மண்ணாகப் புறப்பட்டது கீழே நூறு லோரியாக வந்து சேரலாம். தண்ணீரைவிடக் கனமான கலவை ஆனதால் பெரும் பாறைகளையும் மரங்களையும் தூக்கி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். சில இடங்களில் சரிவே தேவையில்லை. ஓடையில் ஏற்கனவே கிடக்கும் கல்லையும் மண்ணையும் வேகமான மழைநீரே கிளப்பிவிடும்.

"அண்ணே, இங்கே வெயில் காயுதே, ஆத்துல குளிச்சா என்ன?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. தம்பி, ஆளைக் கொல்லுற மழை நம்ம தலைமேலதான் பெய்யணும்னு இல்லை. மலை உச்சியிலே பெய்தால் போதும்.

கண்ணும் காதும் சொல்லும் அடையாளங்கள்

மலை கறுத்திருக்கிறதா, தண்ணீர் கலங்கிச் சருகும் குச்சியும் வருகிறதா என்று பாருங்கள். மழை பெய்தும் ஆறு திடீரென்று வற்றினால் மீன் பிடிக்க இறங்காதீர்கள். மேலே மரமும் கல்லும் அடைத்து அணை கட்டியிருக்கலாம்; அது உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும். லோரிகள் வரிசையாக வருவது போன்ற இரைச்சலும் தரை அதிர்வும் கேட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

ஓடையோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள். பாலத்தைக் கடக்காதீர்கள். பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். முதல் அடி ஓய்ந்ததும் சாமான் எடுக்கத் திரும்ப வேண்டாம், இரண்டாவதும் வரலாம்.

நாம் கேட்க வேண்டியது

ஓடை மலையை விட்டுச் சமதரைக்கு வரும் வாய் வீடு கட்ட வசதியான இடம் என்று தோன்றும். அங்கே யானை யானையாகப் பாறைகள் கிடந்தால், அவை எப்படி வந்தன என்று யோசியுங்கள். முன்னொரு காலத்தில் இதே ஓடை கொண்டுவந்து போட்டிருக்கலாம். மழை நாளில் வெட்டு நின்றுவிடும். அன்றைக்குத்தான் குடும்பம் முழுவதும் லயத்தில் இருக்கும்.

தோட்ட ஆபீசில் மழை அளக்கும் கருவி இருந்தால், அந்தக் கணக்கு வெட்டு உண்டா இல்லையா என்று பார்க்க மட்டும் அல்ல. மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கும் அது சாட்சி. கிராணி எழுதும் அந்த எண்ணை லயத்து அறிவிப்புப் பலகையிலும் எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஆபீஸ் கருவி மலை உச்சியின் மழையை அளக்காது. அதற்கு வடிகால், நீர்ப்பாசன இலாகாவிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக எழுதுங்கள்: ஓடை வாயில் புது வீடு கட்டக் கூடாது, ஒதுங்குவதற்கு மேடான இடத்தைக் குறித்து வைக்க வேண்டும், ஆபத்து என்றால் இரவிலும் பெரட்டு மணி அடிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தீர்மானத்தின் ஒரு பிரதி துரையின் மேசைக்குப் போகட்டும்.