'பிளாக் ஸ்வான்' படத்துக்கு ரிலீஸுக்கு முன்பே ஏன் அவ்வளவு ஹைப்? உண்மையில் ஆடியது யார்? - முழு விவரம்

பாலே நடனத்தை வைத்து ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லர் படம். கேட்டதுமே 'இது எப்படி செட் ஆகும்?' என்றுதான் தோன்றும். ஆனால் 2010-ல் வெளியான 'பிளாக் ஸ்வான்' படத்துக்கு, தியேட்டருக்கு வரும் முன்பே ஹாலிவுட்டில் எதிர்பார்ப்பு எகிறியது. அதற்கு முக்கியக் காரணம், ஹீரோயின் நடாலி போர்ட்மேன் படத்துக்காக உண்மையிலேயே பாலே கற்று ஆடியிருக்கிறார் என்ற பேச்சு. படம் ஜெயித்த பிறகு, அதே விஷயம்தான் பெரிய சர்ச்சையாகவும் வெடித்தது. என்ன நடந்தது? பார்க்கலாம்.

படத்தின் கதை என்ன?

நியூயார்க்கில் உள்ள ஒரு பாலே குழுவில் ஆடும் பெண் நினா. 'ஸ்வான் லேக்' நாட்டியத்தின் முதன்மை வேடம் அவருக்குக் கிடைக்கிறது. புதிதாக வந்த லில்லி என்ற இன்னொரு டான்ஸர் தன் இடத்தைப் பறித்துவிடுவாரோ என்ற பயமும் கூடவே வருகிறது. எது நிஜம், எது பிரமை என்று நினாவுக்கே புரியாமல் போவதுதான் கதை. நினாவாக நடாலி போர்ட்மேன், லில்லியாக மிலா குனிஸ். இயக்கம் டேரன் அரோனோஃப்ஸ்கி.

ரிலீஸுக்கு முன்பே ஏன் எதிர்பார்ப்பு?

முதல் காரணம் இயக்குநர். இதற்கு முந்தைய அவரது படம் 'தி ரெஸ்லர்' (2008). வயதாகி உடம்பு ஒத்துழைக்காத ஒரு மல்யுத்த வீரனின் கதை அது. மல்யுத்தமும் பாலேவும் எதிரெதிர் துருவங்கள்போலத் தெரிந்தாலும், இரண்டிலுமே உடம்பை வருத்திக்கொள்வதுதான் தொழில். அதனால்தான் இரண்டு படங்களையும் ஒரு ஜோடியாகப் பார்க்கலாம் என்று அரோனோஃப்ஸ்கியே சொன்னார்.

இரண்டாவது, ஆகஸ்ட் 2010-ல் வந்த டிரெய்லர். அழகான நடனத்தில் தொடங்கி, தன் முதுகிலிருந்து கருப்பாக எதையோ நினா பிடுங்கி எடுக்கும் காட்சியில் போய் முடிந்தது. பாலே படம் என்று நினைத்தவர்களுக்கு அது செம ஷாக். அடுத்ததாக செப்டம்பர் 1-ம் தேதி வெனிஸ் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. அதன்பின் ஆஸ்கர் பேச்சும் ஆரம்பித்துவிட்டது.

டிசம்பர் 3-ம் தேதி அமெரிக்காவில் வெறும் 18 தியேட்டர்களில்தான் ரிலீஸ். முதல் வார இறுதியிலேயே சுமார் 14 லட்சம் டாலர் வசூல். 1.3 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுக்க சுமார் 33 கோடி டாலர் அள்ளியது.

ஸ்வான் லேக்கில் அப்படி என்ன கஷ்டம்?

சாய்கோவ்ஸ்கி இசையமைத்த 'ஸ்வான் லேக்' முதலில் 1877-ல் மாஸ்கோவில் அரங்கேறியது. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் வடிவங்கள் பெரும்பாலும் 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாற்றி அமைத்த வடிவத்தைத் தழுவியவை. அதில் ஓடெட் என்ற வெள்ளை அன்னம், ஓடீல் என்ற கருப்பு அன்னம் என இரண்டு வேடங்கள். இரண்டையும் ஒரே டான்ஸரே ஆடுவதுதான் வழக்கம். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் டபுள் ரோல்.

சினிமா டபுள் ரோலில் ஷாட்டுக்கு ஷாட் கட் உண்டு. மேடையில் அது கிடையாது. ஒரே இரவில் ஒரே உடம்பு மென்மையாகவும் ஆட வேண்டும், மயக்கும் வஞ்சகத்தோடும் ஆட வேண்டும். கருப்பு அன்னம் ஒற்றைக்கால் விரல் நுனியில் நின்று, மறுகாலை வீசி 32 முறை சுழலும் பகுதி ரொம்பப் பிரபலம். 1895-ல் பியரினா லெக்னானி ஆடிக்காட்டியதிலிருந்து, ரசிகர்கள் எண்ணிக்கொண்டே பார்க்கும் இடம் அது.

நினாவுக்கு வெள்ளை அன்னம் அத்துப்படி. கருப்பு அன்னம்தான் வரவில்லை. படத்தின் பயம் முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

போர்ட்மேன் எடுத்த பயிற்சி

சின்ன வயதில் பாலே கற்றிருந்தாலும், போர்ட்மேன் அதை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தது. ஷூட்டிங்குக்கு முன் சுமார் ஒரு வருடம், நியூயார்க் சிட்டி பாலேயின் முன்னாள் டான்ஸர் மேரி ஹெலன் பவர்ஸிடம் தினமும் பல மணி நேரம் பயிற்சி எடுத்தார். உடல் எடையை நன்றாகக் குறைத்தார். படப்பிடிப்பில் விலா எலும்பில் அடிபட்டது. மிலா குனிஸுக்கும் தோள்பட்டை விலகியது. இந்தத் தகவல்கள் எல்லாமே ரிலீஸ் நேரத்துப் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தன. பிப்ரவரி 2011-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் போர்ட்மேனுக்குக் கிடைத்தது.

அப்புறம் என்ன சர்ச்சை?

கடினமான நடனப் பகுதிகளில் போர்ட்மேனுக்கு டூப்பாக ஆடியவர், அமெரிக்கன் பாலே தியேட்டரைச் சேர்ந்த சாரா லேன். ஆஸ்கர் முடிந்த அடுத்த மாதமே அவர் வாய் திறந்தார். முழு உடம்பும் தெரியும் நடன ஷாட்களில் சுமார் 5 சதவீதம்தான் போர்ட்மேன், மீதி தான் என்றார். ஒன்றரை வருடப் பயிற்சியில் ஒருவர் பாலே கலைஞர் ஆகிவிடலாம் என்பதுபோலக் காட்டுவது, 22 வருடம் உழைத்த தன்னைப் போன்றவர்களைச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவரது ஆதங்கம்.

அரோனோஃப்ஸ்கி உடனே கணக்கோடு வந்தார். படத்தில் மொத்தம் 139 நடன ஷாட்கள், அதில் 111 போர்ட்மேன், 28 லேன். அதாவது சுமார் 80 சதவீதம் போர்ட்மேன் என்றார். நேரக் கணக்கில் பார்த்தால் அது 90 சதவீதத்தை நெருங்கும் என்றும், இரண்டு நீளமான காட்சிகளில் கம்ப்யூட்டர் மூலம் முகத்தை மாற்றிப் பொருத்தியதாகவும் சொன்னார்.

யார் சொல்வது சரி?

5 சதவீதமா, 80 சதவீதமா? இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இரண்டு பேரும் எண்ணியது ஒன்றையே அல்ல. லேன் சொன்னது தலை முதல் கால் வரை தெரியும் ஷாட்கள். இயக்குநர் சொன்னது எல்லா நடன ஷாட்களும். முகம், தோள், கை மட்டும் தெரியும் க்ளோஸ்-அப்களும் இதில் சேர்ந்துவிடும். படத்தில் கேமரா பெரும்பாலும் நினாவின் முகத்தையும் முதுகையும் ஒட்டியே போவதால், அந்த வகை ஷாட்கள் நிறைய.

ஆனால் விரல் நுனியில் நிற்பதும், சுழல்வதும் முழு உடம்பைக் காட்டினால்தான் தெரியும். சின்ன வயதிலிருந்து வருடக்கணக்காகப் பழகிய கணுக்கால்தான் அதைத் தாங்கும். ஒரு வருடப் பயிற்சி, முகத்திலும் கைகளிலும் ஒரு டான்ஸரின் தோரணையைக் கொண்டுவர முடியும். கால்களுக்கு அந்த அவகாசம் போதாது.

ஆஸ்கர் நடிப்புக்கான விருது. நினாவின் பயத்தை முகத்தில் கொண்டுவந்தது போர்ட்மேன்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிரச்சினை விளம்பரத்தில்தான். 'ஹீரோயினே ஆடினார்' என்ற பேச்சு டிக்கெட் விற்க உதவியபோது, ஆடிய இன்னொருவரின் பெயர் பின்னால் போய்விட்டது. தன் இடத்தை இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள் என்று நடுங்கும் பெண்ணைப் பற்றிய படத்துக்கே இது நடந்ததுதான் வேடிக்கை.

இனி படம் பார்ப்பவர்கள் ஒன்று செய்யலாம். நடனக் காட்சிகளில் ஃப்ரேம் எங்கே வெட்டப்படுகிறது என்று கவனியுங்கள். இடுப்புக்கு மேல் முடிந்தால் ஒருவர், பாதம் வரை நீண்டால் பெரும்பாலும் இன்னொருவர். அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் பெற்ற படம் இது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் காட்சிகளும் உண்டு. குழந்தைகளோடு பார்க்க ஏற்றதல்ல.