வதந்தியின் புதிய வாகனம்

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். அடுத்த வீட்டிலே அது காகத்தின் நிறமாயிற்று. செய்தி ஊரெல்லையை அடைந்தபோது அவன் காகம் காகமாகவே வாந்தி எடுத்தவனாகிவிட்டான். தமிழ்ப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டு நகைக்கும் கதை இது. வதந்தி என்பது நேற்று முளைத்ததன்று என்பதற்கு இக்கதையே சான்றாகும். ஆயினும், அக்காலத்து வதந்தி கால்நடையாகச் சென்றது. கிணற்றடியிலும் சந்தையிலும் அது தங்கித் தங்கிச் சென்றது. சொன்னவன் யார், அவன் எத்தகையவன் என்பதைக் கேட்டவர் அறிவர். "அவன் சொன்னால் பாதியைத்தான் நம்பவேண்டும்" என்று சொல்லிச் சிரிக்கும் ஒரு கிழவராவது வழியில் இருப்பார். இன்றைய வதந்திக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. கைத்தொலைபேசியில் விரலால் ஒருமுறை தொட்டால் போதும். நூறு வீடுகளுக்கு அது ஒரே கணத்தில் சென்றுவிடும்.

இதன் விளைவு எத்தன்மையது என்பதை அறிய வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய உணவகத்திலே, உணவு உண்ண வந்த ஒருவர் கறியினுள் ஒரு கட்டியைக் கண்டார். அது ஆண்களை மலடாக்கும் மாத்திரை என்று அவர் கூக்குரலிட்டார். கூட்டம் கூடிற்று. சிங்களத்திலே அதட்டிக் கேள்வி கேட்கப்பட்டது. அம்மொழியில் தேர்ச்சி இல்லாதவரும், சூழ்ந்து நின்றோரைக் கண்டு அஞ்சியவருமான உணவகக்காரர், மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என எண்ணி, ஆம், போட்டோம் என்னும் பொருள்பட ஏதோ சொன்னார். அது கைத்தொலைபேசியிற் படமாக்கப்பட்டது. முகநூலிலே அப்படம் குற்ற ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தப்பவில்லை.

உண்பவனை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. உணவிலிருந்த பொருளைப் பரிசோதித்த அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமும் அது வெறும் மாவுக் கட்டியே என்று பின்னர் அறிவித்தது. ஆனால் "பின்னர்" என்ற இந்தச் சொல்லிலேதான் துயரம் அடங்கியிருக்கிறது. அதற்கு முன்பே கண்டி மாவட்டத்திலே நெருப்பு மூண்டுவிட்டது. தெல்தெனியாவில் வீதித் தகராறொன்றிலே தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் சில நாட்களின் பின் மருத்துவமனையில் இறந்தார். மார்ச் 4ஆம் நாள் தொடக்கம் திகண முதலிய இடங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன, உயிர்களும் பறிபோயின. சாரதியின் மரணம் உண்மையானது. மாத்திரை பொய்யானது. உண்மையான ஒரு துக்கத்தோடு பொய்யான ஓர் அச்சம் இணைக்கப்படும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம். வதந்தியைத் திட்டமிட்டுப் பரப்புவோர் முழுப் பொய்யைக் காட்டிலும் இத்தகைய கலவையையே பெரிதும் விரும்புகின்றனர்.

மார்ச் 7ஆம் நாள் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப் முதலியவற்றையும் தடைசெய்தது. தடை ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. கதவை அடைத்தாலும் பலர் வேறு செயலிகளின் துணைகொண்டு பின்கதவால் நுழைந்தனர். அன்றியும், தடை பொய்யை மட்டும் நிறுத்தவில்லை. உறவினரின் நலம் விசாரிப்போரையும், வதந்தியை மறுத்து எழுதுவோரையும் சேர்த்தே நிறுத்தியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் இதே முறை கையாளப்பட்டது. அக்காலத்திலே சிங்களத்தில் எழுதப்படும் பகைப் பேச்சைப் படித்து நீக்குதற்குப் போதிய ஆட்களை முகநூல் நிறுவனம் வைத்திருக்கவில்லை என்பது பெருங் குறையாகக் கூறப்பட்டது. தனது தளம் தவறாகப் பயன்பட்டமைக்காக அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. எரிந்த வீடுகளுக்கு அது இரண்டு ஆண்டுகள் பிந்திய வருத்தம்.

பொய் ஏன் இத்துணை விரைவாக ஓடுகிறது? தடை நடைமுறையில் இருந்த அதே வாரத்திலே, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர் தம் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டனர். 2006 முதல் 2017 வரை ட்விட்டர் தளத்திலே பரவிய ஏறத்தாழ 126,000 செய்தித் தொடர்களை அவர்கள் ஆராய்ந்தனர். மெய்ச் செய்தியிலும் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாயிருந்தது. 1,500 பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் தேவைப்பட்டது. இதற்கு இயந்திரக் கணக்குகளே காரணம் என எண்ணுவோர் உளர். அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியவர் மனிதரே. பொய் புதுமையாயிருக்கிறது; வியப்பையும் அருவருப்பையும் எழுப்புகிறது; எழும்பிய உணர்ச்சி கையைச் சும்மா இருக்க விடுவதில்லை.

இதனுடன் தளங்களின் வணிக முறையும் சேர்கிறது. நாளிதழிலே முதற்பக்கத்துக்கு எது வரவேண்டும் என்பதை ஓர் ஆசிரியர் தீர்மானிக்கிறார். தவறினால் அவரைக் கேட்கலாம். முகநூலிலோ, எதற்கு மக்கள் அதிகம் விருப்பும் வெறுப்பும் காட்டிப் பதிலெழுதுவர் என்று கணிக்கும் கணக்கு முறையொன்றே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. கோபமூட்டும் பதிவுக்கு அங்கே மேடை எளிதாகக் கிடைக்கிறது. வட்ஸ்அப்பிலே அத்தகைய கணக்கு முறை இல்லை. ஆயினும் அங்கே செய்தி சித்தப்பா பெயரிலோ பழைய வகுப்புத் தோழன் பெயரிலோ வருகிறது. எழுதியவர் எவர் என்று தெரியாது, அனுப்பியவர் நம்மவர். அவர்மேல் உள்ள நம்பிக்கையைப் பொய் கடனாகப் பெற்றுக்கொள்கிறது. ஒரே செய்தி மூன்று குழுக்களில் வந்தால் மூன்று சாட்சிகள் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரே சாட்சியின் மூன்று நிழல்களே. அடிக்கடி கேட்ட கூற்று மெய்போலத் தோன்றும் என்பதை அமெரிக்க உளவியலாளர் 1977ஆம் ஆண்டிலேயே சோதனை மூலம் காட்டினர்.

இனித் தற்காப்பு. கற்றவர் ஏமாறமாட்டார் என்ற எண்ணம் முதலிலே கைவிடப்படவேண்டும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பேர்க்கும் சாரா மெக்குறூவும் வரலாற்றுப் பேராசிரியர் பதின்மர், மாணவர் இருபத்தைவர், செய்தி சரிபார்ப்போர் பதின்மர் ஆகியோரை இணையத் தளங்களை மதிப்பிடச் செய்தனர். கலாநிதிப் பட்டம் பெற்றோருட் பலரும் தளத்தின் அழகான தோற்றத்தில் மயங்கினர். சரிபார்ப்போர் மட்டும் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தங்கவில்லை. உடனே அதை விட்டு வெளியேறி, இதை நடத்துவோர் யார், பிறர் இவர்களைப் பற்றி என்ன சொல்கின்றனர் என்று வேறிடத்தில் தேடினர். ஒரு கடையின் நாணயத்தைக் கடைக்காரரிடமே விசாரிப்பதுண்டா? அயலவரிடம் விசாரிப்பதே நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் இணையத்துக்கும் பொருந்தும்.

படங்களைப் பொறுத்தவரை, பழைய படத்துக்குப் புதிய தலைப்பு இடுவதே மலிவான தந்திரம். படத்தையே கொடுத்துத் தேடும் வசதி கூகிள் முதலியவற்றில் உண்டு. அப்படம் முன்பு எங்கே வெளிவந்தது என்பது பல சமயம் அதிலே தெரிந்துவிடும். வட்ஸ்அப்பிலே இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி பலர் கை மாறி வந்தது. அத்தகையதை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் அந்நிறுவனம் வரையறுத்தது. குரலையும் முகத்தையும் செயற்கையாக ஆக்கும் கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலே, கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் பொய்யாகலாம் என்ற பழமொழி எழுத்துக்கு எழுத்து மெய்யாகிவிட்டது. தீர விசாரிக்கும்வரை அனுப்பாதிருத்தல் எவராலும் செய்யத்தக்கது.

அம்மை நோய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி ஏற்றுவதுபோல, ஏமாற்றும் உபாயங்களைச் சிறிதளவு முன்னரே காட்டிவைத்தால் மனம் எதிர்ப்புச் சக்தி பெறும் என்று வில்லியம் மக்குவயர் 1960களின் தொடக்கத்தில் கூறினார். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் அதே கருத்தைக் கொண்டு 2018இல் ஒரு விளையாட்டை வெளியிட்டனர். விளையாடுபவர் பொய்ச் செய்தி பரப்புபவராகவே நடித்து அதன் தந்திரங்களைக் கற்கிறார். வகுப்பறைகளில் இதைச் செய்வதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. கரும்பலகையும் ஒரு பழைய வதந்தியும் போதும்.

2024ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அது பேச்சுச் சுதந்திரத்தைக் குறுக்கும் என்று பலத்த கண்டனமும் எழுந்தது. சட்டம் பற்றிய வாதம் தொடரட்டும். தற்காப்பு முறைகளின் பட்டியல்களிலே பெரும்பாலும் காணப்படாத ஒன்று இந்நாட்டுக்குச் சிறப்பாக உரியது. அது பாடசாலைகளிலே சலிப்போடு கற்கப்பட்டு, பரீட்சையோடு மறக்கப்படும் இரண்டாம் மொழிப் பாடம். தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் பேச்சளவிலேனும் கைவந்திருத்தல் வேண்டும். அம்பாறை உணவகத்திலே கேட்கப்பட்ட கேள்வி மாவைப் பற்றியதன்று, மாத்திரையைப் பற்றியது என்று இரு மொழியும் அறிந்த ஒருவர் குறுக்கிட்டு விளக்கியிருந்தால், அந்தப் படத்திலே பரப்புதற்குரிய வாக்கியமே இருந்திராது.