ஒரு கட்டம், நான்கு கிரவுண்டு

கொல்கத்தாவின் காளிகாட் கோயிலிலிருந்து மேற்கே ஓரிரு சந்து நடந்தால் ஆதி கங்கை. கங்கை என்பது பெயருக்கு மரியாதை. 1770களில் வில்லியம் டோலி என்ற மேஜர் தூர்வாரிக் கால்வாயாக்கியதால் ஊரார் வாயில் அது டோலி நாலா. மூக்கைக் கேட்டால் சாக்கடை என்றே சொல்லும். ஆனாலும் கடல் அதைக் கைவிடவில்லை. ஹூக்ளி வழியாக ஏறும் ஓதம் இங்கேயும் வந்து போகிறது. ஓதம் வடிந்ததும் செம்பருத்தி மாலைகள் கறுப்புச் சேற்றில் ஒட்டிக் கிடக்கும். நீர் ஏறியதும் அதே மாலைகள் மிதக்கும்.

இந்த இடத்துக்குச் செயற்கைக்கோள் என்ன பெயர் வைக்கும்? லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். சென்னைக்காரர் கணக்கில் சுமார் நான்கு கிரவுண்டு. காளிகாட் பக்கம் நாலாவின் நீர் அதைவிட ஒல்லி. ஒரே கட்டத்துக்குள் கொஞ்சம் நீர், கொஞ்சம் சேறு, படித்துறை, தகரக் கூரை, ஒரு மரம் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் கட்டத்துக்கு ஒரு பெயர்தான் உண்டு. பெரும்பாலும் ‘கட்டடம்’ என்றே விழுகிறது. கங்கை அங்கே காணாமல் போகிறது.

பரப்பு தப்பினால் போகட்டும் என்று விடலாம். சிக்கல் அதற்கடுத்த கணக்கில். நிலத்தின் கோலத்தை அளப்பவர்கள், ஒரே பெயருள்ள கட்டங்கள் சேர்ந்த திட்டுகள் எத்தனை, சராசரியில் எவ்வளவு பெரியவை, விளிம்பு எவ்வளவு நீளம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். 1995இல் அமெரிக்காவில் மெக்காரிகலும் மார்க்ஸும் வெளியிட்ட ‘ஃபிராக்ஸ்டாட்ஸ்’ மென்பொருள் வந்த பிறகு இதெல்லாம் கணினி வேலை. வரைபடத்தை உள்ளே கொடுத்தால் எண்கள் வரிசையாக வந்து விழும். வரைபடத்தில் பெயர் வைத்தவர் யார், எப்படி வைத்தார் என்று அது கேட்பதில்லை.

எது ஒரே திட்டு என்பதும் இப்படி ஒரு விதிதான்; சதுரங்கம் ஆடுபவர்களுக்கு அதை எளிதாகச் சொல்லலாம். இரண்டு நீர்க் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டால் அவை ஒரே நீர்நிலையா, இரண்டா? யானைபோல் நேராக மட்டும் நகரலாம் என்றால் இரண்டு. ராஜாபோல் மூலைக்கும் போகலாம் என்றால் ஒன்று. சாய்ந்து ஓடும் ஒல்லியான கால்வாய் ஒரு விதியில் முழு ஆறு, மற்றதில் அறுந்த மணிமாலை. மண்வெட்டி படாமலே ஆறு துண்டுபடும்.

இந்த விளையாட்டு பெரிதாக நடக்கும் இடம் நகரின் கிழக்கு ஓரம். நகரத்துக் கழிவுநீரில் மீன் வளர்க்கும் ‘பேரி’ என்ற குளங்கள் அங்கே இருக்கின்றன. பேரிக்கும் பேரிக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் மண்வரப்பு. அலை கரையை அரிக்காதிருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரையை வேண்டுமென்றே வளர்த்து நிறுத்தியிருப்பார்கள். 30 மீட்டர் கட்டத்தில் வரப்பு மறைந்து பக்கத்துப் பேரிகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய ஏரி கிடைக்கும். 2015இல் மேலே போன சென்டினல்-2இன் 10 மீட்டர் கட்டத்தில் ஆகாயத்தாமரைப் பட்டை பச்சைக் கோடாகத் தலைகாட்டும். ஏரி பல குளங்களாகும். குளிர்காலத்தில் நீரை வடித்து, சேற்றைக் காயவிட்டு, சுண்ணாம்பு போடுவார்கள். அந்த வாரத்துப் படத்தில் பேரியே வெற்று நிலம்! பழைய கரடுமுரடான படத்தையும் இன்றைய கூர்மையான படத்தையும் பக்கத்தில் வைத்து, நிலம் சிதறிவிட்டது என்று யாராவது அட்டவணை போட்டால், நான் முதலில் கட்ட அளவையும் மாதத்தையும்தான் கேட்பேன். சிதறல் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதில் எவ்வளவு நிலத்தினுடையது, எவ்வளவு அளவுகோலினுடையது என்று பிரிக்காத எண் எனக்கு எண்ணே அல்ல.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே ஒருவர் வேறு மாதிரிப் பெயர் வைத்தார். மாநில அரசின் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ். 2018இல் காலமானார். மேலிருந்து என்ன நிறமாகத் தெரிகிறது என்பது அவருடைய கேள்வி அல்ல. இந்த நிலம் கழிவை என்ன செய்கிறது என்பதே கேள்வி. பேரி, அதன் நீர் பாயும் நெல்வயல், குப்பை மேட்டில் காய்கறி விளையும் தாப்பா, மூன்றும் அவருக்கு ஒரே குடும்பம், ஒரே ‘சதுப்புநிலம்’. 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நிலத்தைக் காக்கத் தீர்ப்பளித்தது. 2002 ஆகஸ்டில் உலகச் சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது பரப்பு 12,500 ஹெக்டேர்.

அந்த 12,500இல் நீர்நிலை சுமார் 5,852தான். வேளாண் நிலம் 4,718, குப்பைத் தோட்டம் 602, குடியிருப்பு 1,326. ‘சதுப்புநிலம்’ என்ற பெயருக்குள் பாதிக்கும் மேல் சதுப்பே இல்லை. நிறத்தைப் பார்த்துப் பிரித்திருந்தால் வயலும் தோட்டமும் வேறு பெட்டிக்குப் போய், பேரிகள் தீவுத் தீவாக நின்றிருக்கும். தீவுகளை ஒவ்வொன்றாக விழுங்குவது மனைக்காரர்களுக்குச் சுலபம்.

பெயர் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். இந்திய வன மதிப்பாய்வு நிறுவனத்துக்கு ஒரு ஹெக்டேரும் 10 சதவீத மர நிழலும் இருந்தால் போதும், யாருடைய தோப்பானாலும் அது வனப்பரப்பு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு அந்தக் கணக்கில் காட்டோடு சேரும். யானைக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை.

கிழக்கு ஓரத்துக்கே திரும்புவோம். பேரியின் ஒரு மூலையில் இரவில் நாலு லோடு இடிபாடு கொட்டுகிறார்கள். மேலே ஒரு தகரக் கொட்டகை எழுகிறது. 30 மீட்டர் கட்டத்துக்கு அது இன்னும் நீர்தான்; கட்டத்தில் பெரும்பங்கு நீராயிற்றே. பக்கத்தில் இரண்டாவது வீடு, மூன்றாவது. இன்னும் நீர். பாதிக்கு மேல் தூர்ந்த பிறகு ஒரு நாள் கட்டம் நிறம் மாறுகிறது, வரைபடம் முதன்முதலாக ‘ஆக்கிரமிப்பு’ என்கிறது. அதற்குள் அந்த வீடுகளுக்கு மின் மீட்டர் வந்து, இரண்டு கரண்ட் பில்லும் கட்டியாகிவிட்டிருக்கும்.