கோடு எங்கே தொடங்குகிறது?

உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் நினைவு நாளான ஏப்ரல் 21 நெருங்குகிறது. வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "சந்தேகநபரின் போனில் என் நம்பர் இருந்தால் நானும் அந்த வலையமைப்பில் ஒருவனா?"

பொலிஸ் அறிக்கைகளில் "வலையமைப்பு" என்பது பெரும்பாலும் கைதானவர்களின் பட்டியல். ஆய்வாளருக்கு அது ஒரு படம்: ஆட்கள் புள்ளிகள், தொடர்புகள் கோடுகள். கோடு அதிகம் உள்ளவரே தலைவர் என்று எண்ணிவிடாதீர்கள். மீன்வாடி முதலாளிக்கும் கோயில் வண்ணக்கருக்கும் ஊரே கோல் எடுக்கும்.

கவனிக்க வேண்டியது இடைநிலை. 1977இல் லின்டன் ஃப்ரீமன் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை நினையுங்கள். அதில் எவரும் குடியிருப்பதில்லை. ஆனால் அதை மூடினால் காத்தான்குடியார் மண்முனைப் பாலத்தால் சுற்றித்தான் நகருக்கு வரவேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே அப்படி நிற்பவர் நாலு பேருடன் மட்டுமே பேசக்கூடும். அவர் விலகினால் குழு இரண்டாகும்.

என்னை உறுத்துவது, படம் யாரிடமிருந்து தொடங்குகிறது என்பது. 2018 நவம்பர் 30இல் வவுணதீவு சோதனைச்சாவடியில் இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். சந்தேகம் முன்னாள் புலிகள் மீது விழுந்தது, ஒருவர் கைதானார். டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருள் பிடிபட்டது. மூன்றையும் சேர்க்கும் கோட்டை எவரும் நேரத்துக்குக் கீறவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பலியான பிறகே வவுணதீவு விசாரணை, அந்தத் தாக்குதல்களை நடத்திய சஹ்ரான் குழுவின் பக்கம் திரும்பியது. வவுணதீவுக் கொலைக்காகக் கைதானவர் மே மாதம் விடுதலையானார்.

சஹ்ரானின் சகோதரர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஒரே வீட்டார் பேசிக்கொள்ள போன் எதற்கு? அந்தக் கோடு கோல் பதிவில் விழாது. வலையமைப்பு ஆய்வாளர் வால்டிஸ் கிரெப்ஸ் செப்டம்பர் 11 தாக்குதல்காரர்களின் படத்தைப் பத்திரிகைச் செய்திகளிலிருந்து வரைந்தபோது, ஒரே விமானத்தில் ஏறியவர்களிடையேகூடத் தொடர்பு மெலிந்திருந்தது. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு வரைந்த படம்.

கோல் பதிவு மட்டும் போதுமா? போதாது; பணம், சந்திப்பு, உறவு எல்லாம் சேரவேண்டும்.

படம் குற்றத்தை நிரூபிக்குமா? இல்லை, எங்கே தேடலாம் என்று காட்டும்.

கணினி கண்டுபிடிக்காதா? நாம் கொடுத்த கோடுகளைத்தான் அது எண்ணும்.

படம் இருந்திருந்தால் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுத்திருக்கலாமா? முன்னெச்சரிக்கை கையில் இருந்தும் அதிகாரிகள் செயற்படத் தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அடுத்த முறை "வலையமைப்பு சிக்கியது" என்று செய்தி வந்தால், முதல் புள்ளி யார், அவரை ஏன் தேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.